பெரியப்பா சொல்கிறார் என்று நிலத்தை விற்காதீர்கள்

சார், நேற்று நீங்கள் மூவரும் வந்துபோன பிறகும் அதே யோசனைதான். நீட் மார்க் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று நேற்று ஆறுதல் சொன்னது என் தப்பு. நிலத்தை விற்காதீர்கள். மொத்தச் செலவு கோடியைத் தாண்டும், அதையும் கட்டப்போவது அண்ணன் இல்லை.

உயிரியலில் என்ன பிடிக்கும் என்று மகளிடம் கேட்டேனே, கவனித்தீர்களா? நோயாளி, ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லை. "செல் கஷ்டப்பட்டு சைக்ளினைச் செய்துவிட்டு, தானே ஏன் உடைக்கிறது?" என்றாள். 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில், கடல் முள்ளெலியின் முட்டைகள் பிரியும்போதெல்லாம் ஒரு புரதம் திடீரென மறைவதைக் கண்டவர் டிம் ஹன்ட். அதுதான் செல் பிரிவை இயக்கும் சைக்ளின். 2001 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. உடைக்க வேண்டிய புரதத்தில் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை அடையாளமாக ஒட்டிவிட்டால், செல்லுக்குள் புரதங்களை உடைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அதை நொறுக்கிவிடும். சைக்ளின்களில் ஒன்றான சைக்ளின்-பி உடைந்தால்தான் செல் பிரிந்து முடிக்கும். டி.என்.ஏ. நகலெடுக்க அனுமதி தரும் சிடிடி1 புரதமும் வேலை தொடங்கியதும் உடைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் ஒரே டி.என்.ஏ. மறுபடி நகலாகிவிடும்.

'இதெல்லாம் யாருக்கு உபயோகம்?' என்று அண்ணன் கேட்பார். புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டெசோமிப், மல்டிபிள் மைலோமா புற்றுநோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து என்று சொல்லுங்கள்.

ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வு எழுதி ரேங்க் வாங்கியிருக்கிறாள், வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அறுபது கேள்விகளில் பதினைந்து கணக்கு. பயாலஜி குரூப் பிள்ளைகள் இடறுவது அங்கேதான். அதையும் தாண்டியிருக்கிறாள்! இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ்., பக்கத்திலேயே திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்கள். முதலில் நான்கு அறிவியல் பாடங்களும் படித்து, அப்புறம் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி வருடம் முழுக்க ஆய்வகத்தில் சொந்த ஆய்வு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய். பிறகு பிஎச்.டி.யில் சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000.

ஒன்றை மறைக்கமாட்டேன்: நிலையான வேலைக்குப் பத்து வருடம்கூட ஆகலாம். நடுவில் கல்யாணப் பேச்சும் வரும். அந்த அவசரத்துக்காக அவளைப் பாதியில் நிறுத்துவீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவள் எதிரிலேயே.

சீட்டை ஏற்கும் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இருக்கும். இன்று ராத்திரியே பார்த்துக் கட்டிவிடுங்கள். அண்ணனிடம் நாளைக்குப் பேசலாம்.