மாவட்டத் தொற்றுநோயியலாளரிடம் கேளுங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாள் எது?

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் பதினோரு வருடமாகத் தொற்றுநோயியலாளராக இருக்கிறேன். வேலையைப் பற்றியும் ஊரில் பரவும் நோய்களைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து மட்டும் சொல்ல மாட்டேன்.

நர்சிங் மாணவி: உங்கள் வேலை சரியாக என்ன? நோயாளிகளைப் பார்ப்பீர்களா?

பார்ப்பேன், ஆனால் அவர்களுடைய வீட்டில். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். என் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும்: யாருக்கு, எங்கே, எப்போது.

காலையில் முதல் வேலை, மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த பதிவுகளைப் பார்ப்பது. கிராம சுகாதார செவிலியர் தருவது எஸ் படிவம், டாக்டர் தருவது பி படிவம், ஆய்வகம் தருவது எல் படிவம். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் இவை வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தன. 2021இல் புதிய இணையதளம் வந்த பிறகு அன்றன்றைக்கே பதிவாகின்றன. ஒரே தெருவில் நாலு காய்ச்சல், ஒரே விடுதியில் ஆறு வயிற்றுப்போக்கு என்று கண்ணில் பட்டால் வட்டார மருத்துவ அலுவலரையும் சுகாதார ஆய்வாளரையும் கூப்பிட்டுப் பேசுவேன். தேவைப்பட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவோம்.

நீங்கள் நர்சிங் படிப்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போது, அட்மிட் ஆன தேதியோடு நிறுத்தாதீர்கள். உடம்பு முதன்முதலில் சரியில்லாமல் போன நாளை எழுதுங்கள். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்கு மீதி எல்லாம் இருந்தும் பயன் இல்லை.

பட்டதாரி: இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

எம்.பி.பி.எஸ். முடித்துச் சமூக மருத்துவமோ பொது சுகாதாரமோ படித்தவர்கள் அதிகம். உயிரியல் பக்கம் படித்துவிட்டுப் பொது சுகாதாரத்தில் முதுகலை செய்தவர்களும் வருகிறார்கள். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் களத்திலேயே வேலை செய்யவைத்துக் கற்றுக்கொடுக்கும் இடம், அங்கே பாருங்கள். மாவட்டப் பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

ஒரு அம்மா: பையனுக்கு டெங்கு, பிளேட்லெட் 90 ஆயிரம். பயமாக இருக்கிறது. எத்தனைக்குக் கீழே போனால் ஆபத்து?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது வருகிறது, அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடையும் நாளும் அதுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நடு ராத்திரி ஆனாலும் சரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். மற்றதை டாக்டர் சொல்லட்டும். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதை அவரிடம் சரியாகச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை என்பதுகூட அதை வைத்துத்தான்: முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, அதன் பிறகு ஐ.ஜி.எம்.

வாசகர்: உங்களால் மறக்க முடியாத ஒரு விசாரணை?

ஒரு சிற்றூர். பெரும்பாலும் குழந்தைகள், 23 பேருக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்த தேதிகளை வரைபடமாகப் போட்டால் மூன்று வாரத்துக்குத் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு, ஐஸ் வண்டி என்று முதல் வாரம் முழுக்கத் தப்பான இடத்தில் தேடினோம். அது எங்கள் தவறு. சேர்ந்த தேதியை நோய் தொடங்கிய தேதியாக எடுத்துக்கொண்டோம். வசதி உள்ளவர்கள் உடனே போயிருக்கிறார்கள், மற்றவர்கள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் போயிருக்கிறார்கள்.

மறுபடி வீடு வீடாகப் போனோம். யாருக்கும் தேதி நினைவில் இருக்காது. அதனால் "எப்போதிலிருந்து சோறு பிடிக்கவில்லை?" என்று கேட்டோம். ஒரு அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அமாவாசை அன்னைக்கு வடை சுட்டேன் சார், வேண்டாம்னு தள்ளிட்டா. வடைன்னா உயிரையே விடுவா அவ" என்றார். அதுதான் எனக்கு வேண்டிய தேதி. நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இப்படிச் சேர்த்த தேதிகளைப் போட்டபோது எல்லாம் பத்து நாளுக்குள் வந்து குவிந்தன. ஆய்வகம் ஹெபடைடிஸ் ஏ என்றது, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலை வைரஸ். அது உடம்புக்குள் போய் வெளியே தெரிய 15லிருந்து 50 நாள், சராசரியாக 28 நாள். பின்னோக்கி எண்ணினால், குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டிய வாரத்தில் போய் நின்றது. பாதிக்கப்பட்ட வீடுகள் எல்லாமே குழாயின் கடைசியில் இருந்த இரண்டு தெருக்களில்.

விடிகாலை தண்ணீர் விடும் நேரத்துக்குப் போனோம். வால்வு குழியில் சாக்கடைத் தண்ணீர் முட்ட நின்றது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகி, இணைப்பு விட்ட இடத்தில் வெளியே நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டோம். மஞ்சளாக வேண்டும், ஆகவில்லை. குளோரின் துளியும் இல்லை. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தினமும் போட்டிருக்கிறார்கள், பொய் இல்லை. ஆனால் மூட்டையைப் பிரித்து ஈரத்தில் மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். அதில் வீரியம் போய்விட்டது. எவ்வளவு போட்டோம் என்பது கணக்கே இல்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

குழாயைச் சரிசெய்த பிறகும் ஒரு மாதத்துக்குமேல் புதிது புதிதாகக் காமாலை வந்தது. ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். முன்பே உள்ளே போன கிருமி அப்போதுதான் வெளியே வருகிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தெருக்களில் இருந்த கர்ப்பிணிகளுக்காகத்தான் அதிகம் பயந்தேன். இதே வழியில் வரும் ஹெபடைடிஸ் ஈ, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிரையே குடிக்கக்கூடும். ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்தோம். யாருக்கும் இல்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் பகுதியில் மூன்று பேருக்கு டெங்கு. புகை அடிக்க வண்டி வரவே இல்லை. ஏன் இந்த அலட்சியம்?

புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும், அதுவும் புகை தொட்ட கொசுவை. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். மற்ற நேரம் வீட்டுக்குள் கட்டிலடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் தெருவில் அடிக்கும் புகை அங்கே போகாது. உங்கள் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் புழு நாளைக்குக் கொசுவாகிவிடும்.

அதே செயலாளர்: பக்கத்து வார்டில் அடித்தார்கள், கொசு குறைந்தது. கண்ணால் பார்த்தேன்.

குறைந்திருக்கும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சாக்கடையில் வளர்ந்து ராத்திரி கடிக்கும் க்யூலெக்ஸ். அது டெங்குவைப் பரப்பாது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்: தம்பி, புகையை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். நாங்கள் வீட்டுக்குள்ளேயே பைரீத்ரம் கொசு மருந்து அடித்துப் பரவலை நிறுத்தியிருக்கிறோம்.

ஐயா சொல்வது சரி, நான் விட்டுவிட்டேன். நோயாளியின் வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே அடிப்பதற்கு இடம் உண்டு. ஏற்கெனவே வைரஸ் ஏறிய கொசுவை அது கொல்லும். நான் மறுப்பது, தெருவில் வண்டி போய்விட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வதை. அன்றைக்கு வீட்டுக்குள் புழு தேட வரும் பணியாளரை உள்ளேயே விடுவதில்லை.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்: அதுவும் உண்மைதான். வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள்.

அதே செயலாளர்: எங்கள் அடுக்குமாடியில் எங்குமே தண்ணீர் தேங்கவில்லை. நல்ல படித்தவர்கள் இருக்கும் இடம்.

ஏடிஸுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், அதனால் சுத்தமான வீட்டுக்கும் வரும். ஒரு உதவி செய்யுங்கள். இப்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கும் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, லிஃப்ட் குழி, சம்ப் மூடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர்: நாய் கடித்து மூன்று நாள் ஆகிறது, லேசான கீறல்தான். ஊசி வேண்டுமா?

வேண்டும். இதைப் படித்ததும் கிளம்புங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். இப்போதும் கழுவிவிட்டுப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசி போடும் நாளிலிருந்து கணக்கு வைத்து 3, 7, 28ஆம் நாள். ஒன்றையும் விடாதீர்கள். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் வேண்டும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாசகி: அப்பாவுக்கு பிளேட்லெட் 70 ஆயிரம்...

மேலே ஒரு அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். அந்த அறிகுறிகள் அவருக்கும் பொருந்தும்.

வாசகர்: நிலவேம்புக் குடிநீர் குடித்தால் பிளேட்லெட் ஏறுமா?

சித்த மருத்துவரிடம் கேளுங்கள், என் துறை இல்லை. எதைக் குடித்தாலும் மேலே சொன்ன அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரி.

புது அம்மா: எதிர்வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே சொல்லக் கூடாது என்கிறார்கள். என் குழந்தைக்கு எட்டு மாதம்.

வேப்பிலை கட்டுவதையும் வீட்டோடு இருப்பதையும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நாங்கள் சொல்லும் தனிமைப்படுத்தலும் அதுதானே. சொல்லாமல் மறைப்பதுதான் பிரச்சினை. அது தட்டம்மையாக இருந்தால், தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், வந்த பிறகும் நாலு நாள் பரவும். அந்தக் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் கண்ணுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு. பூஜை அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்றே கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது. இப்போதே செவிலியரிடம் சொல்லுங்கள். அப்புறம், எதிர்வீட்டில் தடிப்பு எந்த நாள் வந்தது என்று கேட்டுச் சொன்னால் பெரிய உதவி.

வாசகர்: எங்கள் தெருவில் யாருக்கு டெங்கு என்று சொன்னால் ஜாக்கிரதையாக இருப்போம்.

சொல்ல மாட்டேன். பெயர் வெளியே போனால் அடுத்த வீட்டில் காய்ச்சலை மறைப்பார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: பார்த்தேன். என் வீட்டு ஃபிரிட்ஜ் தட்டில் நெளிகிறது. கொட்டிவிட்டேன்.

நன்றி, மனதாரச் சொல்கிறேன். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரை வைத்து ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், எல்லா வீட்டிலும். காய்ச்சலில் இருக்கும் மூன்று பேரும் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும்.

வாசகர்: பிளேட்லெட் 1 லட்சம், ஆபத்தா?

மூன்றாவது முறை. மேலே பாருங்கள்.

பள்ளி ஆசிரியர்: இப்போதுதான் படித்தேன். என் வகுப்பில் இந்த வாரம் ஐந்து பேர் வரவில்லை. இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாக இருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். சொல்ல வேண்டிய விஷயமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், இன்றைக்கே. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் கிடைக்காவிட்டால் 104. எந்த மாவட்டம், எந்த வட்டாரம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், அங்கே இருப்பவர்களிடம் நானே பேசுகிறேன்.

ஐந்து வீட்டுக்கும் போன் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: வயது, தெரு, வீட்டில் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, பள்ளியில் எந்தக் குழாயில் குடிக்கிறார்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, யாராவது கர்ப்பிணி இருக்கிறார்களா. அப்புறம் அவர்களுக்குச் சோறு பிடிக்காமல் போன முதல் நாள். தேதி தெரியவில்லை என்பார்கள். அன்றைக்கு வீட்டில் என்ன சமையல், யாராவது விருந்தாளி வந்தார்களா, என்ன விசேஷம் என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.