வியட்நாம் அரசுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. வேலையை விட்டுவிட்டு, நண்பன் ஒருவனுடன் முதுகுப்பையோடு இரண்டு மாதம் தரைவழியாகச் சுற்றவிருக்கிறேன். பாங்காக்கில் தொடங்கி லாவோஸ், வியட்நாம், கம்போடியா வழியாக மறுபடியும் பாங்காக். லாவோஸ் விசாவை எல்லையிலேயே எடுக்கலாமா? லுவாங் பிரபாங்கிலிருந்து வியட்நாமுக்கு எந்த எல்லை வழியாகப் போவது? கம்போடியாவிலிருந்து பேருந்திலேயே தாய்லாந்து திரும்ப முடியுமா? வியட்நாம் இ-விசா படிவத்தை நிரப்பிவிட்டேன். பணம் மட்டும் கட்டவில்லை. அவசரத் தொடர்புக்கு, அம்மாவை வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்று உடன் வரும் நண்பனின் எண்ணையே கொடுத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்களோடு அதே பேருந்தில் அடுத்த இருக்கையில் உட்கார்ந்து வருபவரை அவசரத் தொடர்பு என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த எண் யாருக்கு எதற்குப் பயன்படும்? மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால் இருவரும்தான் கவிழ்வீர்கள். கைபேசிகள் இரண்டும் ஒரே பள்ளத்தில் கிடக்கும். மறதியால் வந்த பிழையாக இருந்தால் திருத்துங்கள் என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்திருப்பேன். ஆனால் காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கலவரப்படுத்த வேண்டாம் என்று அம்மாவின் எண்ணைத் தவிர்ப்பவர், பயணத்தைப் பற்றியே அவரிடம் வாய் திறக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வேலையை விட்டதையாவது சொன்னீர்களா?

அதே படிவத்தின் மற்ற கட்டங்களைப் பாருங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருப்பீர்கள், எந்த வாயில் வழியாக உள்ளே வருவீர்கள், எதன் வழியாக வெளியேறுவீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று வியட்நாம் அரசு கேட்கிறது. நீங்களும் முனகாமல் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். முன்பின் அறியாத ஓர் அரசுக்குக் கொடுக்கும் இந்தக் கணக்கைப் பெற்ற தாய்க்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அவர் கலங்குவார் என்று நீங்கள் அஞ்சவில்லை. கலங்கி அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவருமே என்று அஞ்சுகிறீர்கள். 27 வயது மகன் அனுமதி வாங்கித்தான் ஊர் சுற்ற வேண்டும் என்று சொல்பவள் அல்ல நான். எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டுக்குச் சொல்லிவைப்பது எந்த வயதிலும் தீராத கடன் என்பதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வீணாக என்கிறீர்கள். 2022-இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரின் மியாவதியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கியதை உங்கள் அம்மாவும் செய்தியில் பார்த்திருப்பார். லாவோஸின் தங்க முக்கோணப் பகுதியிலும் கம்போடியாவிலும் அதே வகை முகாம்களிலிருந்து இந்தியர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே, வேலையில் இல்லாத இரண்டு இளைஞர்கள் பாங்காக் விமானம் ஏற வரும்போது நம் விமான நிலையக் குடியேற்ற அதிகாரியே துருவிக் கேட்கக்கூடும். திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிட முன்பதிவையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கையில் வைத்திருங்கள். வீட்டுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஏதாவது ஆகிவிட்டால், தூதரகத்தின் கதவைத் தட்டுவதும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் முறையிடுவதும் ஊரில் இருக்கும் குடும்பம்தான். அவர்களிடம் உங்கள் பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் வழித்தடமும் இல்லையென்றால், வியன்டியானைக் கேட்பதா, ஹனோயைக் கேட்பதா, புனோம் பென்னைக் கேட்பதா என்றே தெரியாமல் நிற்பார்கள்.

இனி வழித்தடம். தாய்லாந்து எல்லையில் நோங் காய் பாலத்தைக் கடந்து லாவோஸ் தலைநகர் வியன்டியான் போவதாக இருந்தால், லாவோஸ் விசாவை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் புகைப்படமும் கசங்காத டாலர் நோட்டுகளும் வேண்டும். லுவாங் பிரபாங்கிலிருந்து வடக்கே போய் டாய் ட்ராங் எல்லை வாயில் வழியாக வியட்நாமின் தியன் பியன் பூவுக்குள் நுழையுங்கள். அந்த வாயில் இ-விசாவை ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் இந்த விசா 90 நாள் வரை கிடைக்கிறது, ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். படிவத்தில் எழுதிய வாயிலை விட்டு வேறொன்றில் போய் நின்று அதிகாரியின் தயவை எதிர்பார்க்காதீர்கள். தெற்கே மோக் பாயில் வெளியேறினால், சூதாட்ட விடுதிகள் வரிசைகட்டி நிற்கும் பாவெட்டில் கம்போடியா விசா 30 டாலருக்கு அங்கேயே கிடைக்கும். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று கேட்டு ஒட்டிக்கொள்ளும் தரகர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

உங்கள் வட்டம் அறுவது கடைசிக் கண்ணியில். கம்போடியா–தாய்லாந்து தரை எல்லை 2025 ஜூனில் மூடப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையிலும் டிசம்பரிலும் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டன. தாய்லாந்துக்குள் நுழையும் போய்பெட் வாயில் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பயணச்சீட்டு எதையும் வாங்காதீர்கள். லாவோஸ் வழியாகத் திரும்பலாம்தான், அதற்கு இன்னொரு லாவோஸ் விசா எடுக்க வேண்டும், நாட்களும் போகும். புனோம் பென்னில் விமானம் ஏறிவிடுங்கள். தரையை விட்டுக் கால் எடுத்தால் பயணத்தின் கற்பு கெட்டுவிடும் என்ற வைராக்கியமெல்லாம் எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்காத காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் விசாவுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. ஆகையால் முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து வழித்தடத்தைச் சொல்லுங்கள், அவருடைய எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள், பிறகு பணம் கட்டுங்கள். உங்கள் நண்பரின் வீட்டிலும் யாருக்கும் எதுவும் தெரியாது என்றே சந்தேகிக்கிறேன். அவருடைய படிவத்தில் இருப்பது உங்கள் எண்தானே? அவரையும் மாற்றச் சொல்லுங்கள்.