ஸ்கொட்லாந்து "வேண்டாம்" என்றபோது யாழ்ப்பாணத்தில் பேசிக்கொண்டது

கேள்வி: 2014இல் ஸ்கொட்லாந்து மக்கள் தனிநாடு வேண்டாம் என்று வாக்களித்தார்களே, அந்த முடிவை அங்குள்ளவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஈழத்தமிழர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள்?

யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பிக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது நான் நேரில் கண்டது. இங்கே பெரும்பாலானோர் மனம் சோர்ந்துபோனார்கள். எங்கள் ஊர் வாசிகசாலையில் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார்களே" என்று சொல்லிவிட்டு அன்று பத்திரிகையையே விரிக்கவில்லை. ஒரு பேனாவைக்கொண்டு ஒரு கட்டத்தில் அடையாளமிட்டால் நாடு கிடைக்கும் என்ற நிலை வந்தும் விட்டுவிட்டார்களே என்பதுதான் பலருடைய ஆதங்கம்.

எனக்கு அந்த ஆதங்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த நாட்டில் தோற்ற பக்கத்துக்கு என்ன நடந்தது என்பதைத்தான் நாங்கள் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எங்கள் நேரப்படி காலை ஆறு மணியளவில் கிளாக்மனன்ஷயர் என்ற பிரதேசத்தின் முடிவு முதலாவதாக வந்தது. பத்தரைக்குப் பிறகு எல்லாம் உறுதியாகிவிட்டது. அப்போது நான் பதினோராம் தர வகுப்பில் இருந்தேன். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளைகள். கரும்பலகையில் எண்களை எழுதினேன்: வேண்டும் 44.7 வீதம், வேண்டாம் 55.3 வீதம், வாக்களித்தோர் 84.6 வீதம். அங்கே 16 வயது நிரம்பியவர்களுக்கும் வாக்கு இருந்தது என்று சொன்னதும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தி, "சேர், அங்கே இப்போது ஊரடங்கா?" என்று கேட்டாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டபோது அவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பெரிய செய்தி என்றால் அடுத்தது ஊரடங்கு என்பதுதான் அவர்கள் கண்ட ஒழுங்கு. இன்னொருவன், தோற்றவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டான். ஒன்றும் செய்யமாட்டார்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போவார்கள் என்றேன். அவன் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. அழுதவர்கள் நிறையப் பேர். கிளாஸ்கோ, டண்டி, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வட லனாக்ஷயர் என்று 32 பிரதேசங்களில் நான்கில் மட்டுமே "வேண்டும்" வென்றது. கிளாஸ்கோவின் ஜோர்ஜ் சதுக்கம் வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் "வேண்டும்" தரப்பின் கூடுமிடமாக இருந்தது. 19ஆம் திகதி மாலை ஐக்கிய இராச்சியக் கொடிகளுடன் எதிர்த்தரப்புக் குழுவொன்று அங்கே வந்து கைகலப்பாகி, பொலிஸார் இரு தரப்புக்கும் நடுவில் நிற்க வேண்டியிருந்தது, கைதுகளும் நடந்தன. ஆகவே எல்லாம் அமைதியாக நடந்தது என்று சொல்பவர்களை முழுவதும் நம்பாதீர்கள். ஆனால் அடுத்த நாளே தோற்ற தரப்பினர் அதே சதுக்கத்துக்கு உணவுப் பொதிகளைக் கொண்டுவந்து, ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கென்று குவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எடின்பரோவின் சென் ஜைல்ஸ் பேராலயத்தில் நல்லிணக்க வழிபாடு நடந்தது.

முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்ட் காலையிலேயே தோல்வியை ஏற்றுக்கொண்டு, மற்றவர்களும் ஏற்க வேண்டும் என்று கேட்டார். மாலைக்குள் பதவி விலகப்போவதாகவும் அறிவித்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தோற்ற கட்சியை நோக்கிச் சனம் திரண்டது. சுமார் 25,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்த ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி ஆறு மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 2015 மே பொதுத்தேர்தலில் ஸ்கொட்லாந்தின் 59 ஆசனங்களில் 56ஐ அது வென்றது.

அங்கேயும் கசப்பு இருந்தது. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் கூடுதல் அதிகாரம் தருவதாகப் பத்திரிகையில் கையெழுத்திட்டு வாக்குறுதி கொடுத்தார்கள். முடிவு வந்த காலையிலேயே பிரதமர் டேவிட் கமரூன் அந்தப் பேச்சோடு இங்கிலாந்தின் சட்டங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களே வாக்களிக்க வேண்டும் என்ற பிரச்சினையையும் சேர்த்துக் கட்டியது ஏமாற்று வேலை என்று பலர் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் 2016இல் சட்டம் வந்தது; வருமான வரி வீதத்தைத் தீர்மானிக்கும் உரிமை எடின்பரோவுக்குக் கிடைத்தது. எங்கள் பக்கம், மாகாண சபைகளை அமைக்க 1987இல் அரசியலமைப்பில் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில் எழுதிய காணி, பொலிஸ் அதிகாரங்களை இன்றுவரை கொடுக்கவில்லை. 2013 செப்டம்பரில் வட மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30ஐ ஒரே கட்சிக்கு அள்ளிக்கொடுத்து, ஒரு வருடமாக அந்தச் சபை எதைக் கேட்டாலும் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கதவில் முட்டி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஸ்கொட்லாந்து முடிவையும் பார்த்தார்கள். எங்கள் மனச்சோர்வின் பாதிக் காரணம் அதுதான்.

மீதிக் காரணம் இன்னும் பழையது. இலங்கையில் நாடு முழுவதும் ஒரேயொரு முறைதான் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது: 1982 டிசம்பர் 22. தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்பதுதான் கேள்வி. விளக்குக்கு வாக்களித்தால் ஆம், குடத்துக்கு வாக்களித்தால் இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள். நாட்டில் விளக்கு சுமார் 55 வீதத்தில் வென்றது, பாராளுமன்றம் நீண்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் நடந்த தமிழர் படுகொலையை நான் விளக்கத் தேவையில்லை. ஆகஸ்டில் 6ஆவது திருத்தம் வந்து, தனிநாட்டை ஆதரிப்பதே குற்றமாகியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அந்தத் திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழ் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். லண்டனோ, 2012 ஒக்டோபரில் சல்மண்டுடன் ஒப்பந்தம் எழுதி வாக்கெடுப்புக்கு வழிவிட்டது.

இன்னொரு வாக்கெடுப்பும் எங்களுக்கு வாக்குறுதியாகக் கிடைத்தது. வடக்குடன் இணைந்திருக்க விருப்பமா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் கேட்பதாக 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு ஆண்டாகத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. கிழக்கில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு எங்களுக்குப் பிடிக்காததாகவே இருந்திருக்கலாம். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சொல்லாமல் விட முடியாது, மொன்றியலில் உறவினர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தனிநாடு பற்றி அங்கே நடந்த வாக்கெடுப்பில் "வேண்டாம்" 50.58 வீதம், "வேண்டும்" 49.42 வீதம். அன்றிரவு மாகாண முதல்வர் ஜாக் பரிஸோ மேடையேறி, பணமும் இனக்குழுக்களின் வாக்கும்தான் தங்களைத் தோற்கடித்தன என்று பேசினார். அங்கே குடியேறியிருந்த எங்கள் ஆட்களும் அந்தக் கணக்கில் அடக்கம். சொந்தக் கட்சிக்காரரே முகம் சுளித்தார்கள். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அதே ஒக்டோபர் 30 இரவுதான், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் கொண்ட வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் துரத்தினார்கள். முதலாவதை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பலர் வாய் திறப்பதில்லை. தங்களுடன் சேர்ந்து நிற்காதவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்த பரிஸோவின் பேச்சு ஒரு முதல்வரின் பதவியோடு போனது. எங்களிடம் அதே எண்ணம் துப்பாக்கியோடு வந்தது.

ஆகவேதான், "நாங்கள் என்றால் 'வேண்டும்' என்றே போட்டிருப்போம்" என்று வாசிகசாலையில் இளைஞர்கள் அடித்துச் சொன்னபோது, யார் அந்த நாங்கள் என்று கேட்டேன். ஸ்கொட்லாந்தில் வாக்காளர் பட்டியலுக்கு அடிப்படை வசிப்பிடம். லண்டனில் வாழும் ஸ்கொட்லாந்துக்காரருக்கு வாக்கில்லை; கிளாஸ்கோவில் சட்டப்படி வசிக்கும் இலங்கையருக்கு, பொதுநலவாய நாட்டவர் என்பதால் வாக்கு இருந்தது. அந்த விதியை இங்கே போட்டால் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் அண்ணன் தம்பிக்கு வாக்கில்லை. யாழ்ப்பாணத்தில் குடியிருந்து கடை நடத்தும் சிங்களவருக்கு உண்டு. இதைச் சொன்னதும் வாசிகசாலையில் பெரிய சத்தம். 1999இல் கிழக்குத் திமோரில் நடந்த வாக்கெடுப்பில் வெளிநாடுகளில் இருந்த திமோர் மக்களும் வாக்களித்தார்களே என்று ஒருவர் சரியாகவே எடுத்துச் சொன்னார். சொந்த மண்ணில் இருக்க விடாமல் துரத்திய பிறகு வசிப்பிடத்தை மட்டும் அளவுகோலாக வைப்பது அநியாயம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் 1990இல் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் பொருந்தும். இந்த மண்ணில் எப்போதாவது அப்படியொரு பட்டியல் எழுதப்பட்டால், அவர்கள் அகதிகளாகப் போய்த் தங்கிய புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்பேன். கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு வாக்குக் கேட்கிற வாயால் அவர்களுக்கு மறுக்க எங்களுக்கு உரிமை இல்லை.