போர்வெல் தண்ணீரில் எண்ணெய்ப் படலம்: நிலத்தடியில் பெட்ரோலியம் இருக்கிறதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் மறுநாள் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம் நிற்கிறது. சில ஊர் தள்ளி எண்ணெய்க் கிணறு இருப்பதால் இங்கேயும் இருக்கும் என்கிறார்கள். பூமிக்குள் இருப்பதைக் காட்டும் கருவி வைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவர், ஆய்வு அறிக்கை தர நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். அதைக் காட்டினால் கம்பெனிக்காரர்கள் நிலத்தை நல்ல விலைக்கு எடுப்பார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். அந்தத் தண்ணீரை வீட்டில் குடிக்கவும் செய்கிறீர்களோ என்பதுதான் என் முதல் கவலை, அதனால் படலத்திலிருந்தே தொடங்குவோம்.

ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். ஏடு உடைவது போலச் சில்லுசில்லாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது எண்ணெய் கிடையாது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் உண்டாக்கும் படலம் அது; இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாவும் அதில் சேர்ந்திருக்கும். தொட்டியின் அடியில் செங்காவி நிறத்தில் சேறு படிந்திருந்தால் அநேகமாக இதுதான். டெல்டாவில் இது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம்.

கீறிய இடம் உடனே வழிந்து மூடிக்கொண்டு, டீசல் வாடையும் அடித்தால் அது எண்ணெய்தான். அப்போதும் சந்தேகம் முதலில் போக வேண்டியது மோட்டார் மேல். எண்ணெய் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் சீல் போய்விட்டால் இப்படித்தான் கசியும். பக்கத்தில் டீசல் இன்ஜின் ஓடுகிறதா, எண்ணெய்க் குழாய் எதுவும் போகிறதா என்றும் பாருங்கள். கதிராமங்கலத்தில் 2017-இல் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். வாடை இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு, இரும்பு, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் இரண்டையும் பார்க்கச் சொல்லித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

சரி, கீழே உண்மையிலேயே எண்ணெய் இருந்தால் அது எங்கே இருக்கும்? இந்தியாவும் இலங்கையும் பிளந்து விலகிய காலத்தில், கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டம் உடைந்தபோது உருவான பள்ளம்தான் காவிரிப் படுகை. மேலே வயல் தட்டையாகத் தெரிந்தாலும் அடியில் பாறை அப்படி இல்லை. மன்னார்குடியின் பெயரிலேயே ஒரு முகடு புதைந்து கிடக்கிறது. பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு என்பார்கள். அதற்கு மேற்கே தஞ்சாவூர்ப் பள்ளம், கிழக்கே நாகப்பட்டினப் பள்ளம். இந்தப் பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வண்டலும் கடல்சேறும் சேர்ந்தன. அவற்றில் கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்தில், படிந்த பாறைகள் படுகையின் மேற்கு விளிம்பான அரியலூரில் தரைக்கே வந்துவிடுகின்றன. அங்கே சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பது அதனால்தான். உங்கள் பக்கத்தில் அந்தக் காலப் படிவுகளைத் தொட மிக ஆழமாக இறங்க வேண்டும்.

சேற்றில் புதைந்த உயிர்ப்பொருள் எண்ணெயாக மாற ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25–30 டிகிரிதான் கூடும், அதனால் இது கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில்தான் நடக்கும். அப்படி உண்டான எண்ணெய் மேலே நகர்ந்து வந்து, துளையுள்ள மணற்கல்லில் தங்க வேண்டும்; அது தப்பிவிடாமல் மேலே களிப்பாறை மூடியிருக்க வேண்டும்; எண்ணெய் வந்து சேருமுன்பே அந்த அமைப்பு உருவாகியிருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கிணறு வெறுங்கிணறுதான். பக்கத்து ஊரில் எண்ணெய் கிடைத்தும் உங்கள் ஊரில் இல்லாமல் போக, நடுவே ஒரு பிளவு ஓடினாலே போதும்.

இதைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் புவியீர்ப்பு, காந்த அளவீடுகளை வைத்து முகடு எங்கே, பள்ளம் எங்கே என்று பார்ப்பார்கள். அப்புறம் சீஸ்மிக் சர்வே: வயலில் வரிசையாகக் குழி போட்டு, சிறிய வெடி வைத்து, அதன் அதிர்வு ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்புவதைக் கிலோமீட்டர் கணக்கில் பரப்பிய ஜியோபோன் என்ற அதிர்வு உணரும் கருவிகளில் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவைக் கணினியில் பல மாதம் அலசினால் கிடைப்பதுகூட அடுக்குகளின் வடிவம்தான். அதற்குள் இருப்பது எண்ணெயா, உப்புநீரா என்று துளையிட்டால்தான் உறுதியாகும். இத்தனையும் செய்த பிறகும் வெறுங்கிணறுகள் வருகின்றன.

உங்களிடம் வந்தவரின் கருவி, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி நீரோட்டம் பார்க்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டராக இருக்கலாம். தண்ணீருக்கு அது நல்ல கருவி. ஆனால் நூறு மீட்டர் ஆழம் பார்க்கவே கம்பியைச் சில நூறு மீட்டர் நீட்ட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பல ஊர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். மூன்று ஏக்கருக்குள் நின்றுகொண்டு பெட்ரோலியத்தைக் காட்டும் கைப்பெட்டி எதுவும் கிடையாது.

"நெய்வேலி கிணற்றில்தானே கண்டுபிடித்தார்கள்?" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு வந்த கரும்பொருள்தான் பழுப்பு நிலக்கரிக்கு முதல் தடயம். அந்தப் படிவு நூறு மீட்டருக்குள்ளேயே இருந்ததால் கிணறு அதைத் தொட முடிந்தது. அதையும் 1940-களில் அரசு நில ஆய்வாளர்கள் துளையிட்டுப் பார்த்த பிறகே சுரங்கப் பேச்சு எழுந்தது.

விலை பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் விதிப்படி உரிமம் இல்லாமல் யாரும் பெட்ரோலியம் தேட முடியாது, தனியார் தரும் அறிக்கையைப் பார்த்து எந்தக் கம்பெனியும் நிலம் எடுக்காது. அதோடு, 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மன்னார்குடி இருக்கும் திருவாரூர் மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும். புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் துளையிடுவதையும் அது தடை செய்கிறது. அறிக்கை கையில் இருந்தாலும் அதை வாங்க ஆள் இல்லை.

தண்ணீரில் குமிழி வந்தால் மட்டும் கவனம். டெல்டாவின் களிமண்ணில் மட்கும் செடிகொடிகளிலிருந்தே மீத்தேன் உண்டாகும், அதற்கு ஆழத்து எரிவாயு தேவையில்லை. ஆனால் அதுவும் தீப்பிடிக்கும். போர்வெல் வாயருகே தீக்குச்சி உரசிச் சோதிக்க வேண்டாம். மோட்டார் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும்.