பேட்டரியா, டைனமோவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பேட்டரி தொடர்பான கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் மற்றப் பழுதுகளை ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகத்தைப் பாகப் பட்டியலில் ஆல்டர்னேட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர் என்பதால், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடைய சிறிய பெட்ரோல் காருக்கு ஒன்பது வயதாகிறது. 14 மாதங்களில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போதும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. தள்ளித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. இரவில் ஏசியும் ஹெட்லைட்டும் ஓடும்போது சிக்னலில் நின்றால் விளக்கு மங்குகிறது. மூன்றாவது பேட்டரி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா ஐயா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக, 500 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்குங்கள். நம் ஊர் வெயிலில்கூட ஒரு கார் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டும். உங்கள் பேட்டரிகள் ஏழெட்டு மாதங்களில் படுத்திருப்பதையும், சிக்னலில் விளக்கு மங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றுக்கு நாள்தோறும் அரைவயிறுதான் நிரம்பியிருக்கிறது என்று தெரிகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறாமல் கிடக்கும் பேட்டரியில், ஈயத் தகடுகளின் மீது படியும் ஈய சல்பேட் நாளடைவில் இறுகிக் கெட்டியாகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு திரும்பாது.

மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டு, நான்கு முறை அளக்க வேண்டும். முதல் அளவைக் காலையில், காரின் கதவைக்கூடத் திறப்பதற்கு முன்பு எடுப்பது நல்லது; பானெட்டைத் திறக்கக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், திறந்து மூடிச் சற்றுப் பொறுத்து அளங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால் பங்கு, 12.2 அரைப் பங்கு. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ் 13 வோல்ட் வரை காட்டி ஏமாற்றிவிடும். கடையில் 'பேட்டரி நன்றாக இருக்கிறதே' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

இரண்டாவது அளவுக்கு வீட்டில் ஒருவரை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த ஓரிரு வினாடிகளில் மீட்டர் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. காலையில் 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 7-க்குச் சரிந்தால் கோளாறு பேட்டரிக்குள்தான். அதே நேரத்தில், 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு மீட்டர் 12-ஐவிட்டு நகரவே இல்லை என்றால் பேட்டரி குற்றமற்றது; மின்சாரம் வழியிலேயே எங்கோ தடைபடுகிறது, அல்லது செல்ஃப் மோட்டாரில் பழுது இருக்கிறது.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. பெரும்பாலான கார்களில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையே இருக்க வேண்டும். நான்காவது, அதே நிலையில் ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, ஏசி ஊதியை முழு வேகத்தில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்து இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நிறுத்தி அளப்பது, அப்போதும் 13.5-க்குக் குறையக் கூடாது. (பெல்ட்டும் ஃபேனும் சுற்றுமிடத்தில் வேட்டி, துப்பட்டா, மீட்டர் வயர் எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், மூன்றாவதில் தேறி நான்காவதில் தோற்கும் வண்டியாகத்தான் எனக்குப் படுகிறது.

அப்படித் தோற்றாலும் உடனே டைனமோவை மாற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் பெல்ட்டைப் பாருங்கள்: உட்புறம் பளபளவென்று கண்ணாடிபோல் தேய்ந்திருந்தாலோ, காலையில் 'கிறீச்' என்று கத்தினாலோ, சுமை ஏறும்போது அது வழுக்குகிறது என்று பொருள். அடுத்து, நான்காவது சோதனையின்போதே மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்புறமுள்ள தடித்த வயரின் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். வித்தியாசம் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. முக்கால் வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் டைனமோ உற்பத்தி செய்வதை இடையிலுள்ள வயரோ ஃப்யூஸ் இணைப்போ விழுங்குகிறது. முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே தீர்ந்துவிடும். இதுவும் சரியாக இருந்தால் மட்டுமே டைனமோவைக் கழற்ற வேண்டும். அதிலும் பெரும்பாலும் தேய்ந்து போவது கார்பன் பிரஷ், அல்லது நம் மெக்கானிக்குகள் கட்டவுட் என்று சொல்லும், வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர். அவற்றை மட்டும் மாற்றத் தெரிந்த பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். முழு டைனமோவின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகவும் குறைவு. உள்ளிருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று போயிருக்கிறதா என்று அறிய, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படலாம்.

இதில் நானே ஏமாந்த கதையும் உண்டு. என் பழைய காரில் செல்ஃப் சோம்பேறித்தனமாகச் சுற்றியபோது, நானும் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புதுப் பேட்டரி வாங்கினேன். மறுநாள் காலையிலும் அதே சோம்பல். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 காட்டியது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை பச்சைப் பாசியாகப் பூத்து, விரலால் தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. புதிய பட்டையின் விலை 150 ரூபாய். நான் தேவையில்லாமல் வாங்கிய பேட்டரியின் விலையை எழுத விரும்பவில்லை.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவள். வாரம் ஒருமுறைதான் காரை எடுக்கிறேன். புதுப் பேட்டரி, டைனமோவும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் நான்கைந்து நாள் நிறுத்தினால் ரிமோட்கூட வேலை செய்வதில்லை. தினமும் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவதால் பெட்ரோல் தீர்வதைத் தவிரப் பெரிய பயனில்லை, வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவது அதைவிட மேல். ஆனால், உங்கள் வண்டியின் சிக்கல் அதுவன்று. நின்ற நிலையில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

பூட்டிய காரும் கடிகாரம், ரிமோட், கம்ப்யூட்டர் நினைவகம் ஆகியவற்றுக்காகச் சிறிதளவு மின்சாரம் எடுக்கும். அது 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கலாம், நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி என்ற கணக்கில், சிறிய கார்களுக்குரிய 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி தீர இரண்டு வாரமாகும். ஆனால், மூடிய டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று நாளைக்கு 10 ஆம்பியர் மணி எடுத்துவிடும்; நான்காம் நாள் காலையில் ரிமோட் வேலை செய்யாததற்குக் கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். ஆகவே முதலில் காசில்லாத சோதனை: கைபேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். படம் கறுப்பாக இருந்தால் விளக்கு அணைகிறது. டிக்கியின் கம்பளம் தெரிந்தால் திருடன் அகப்பட்டான். இப்படிச் செய்யும்போது கார்ச் சாவியையும் உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள்.

டிக்கி விளக்கு இல்லையென்றால், வெளிக்கடையில் மாட்டிய பொருள்கள் மீது என் சந்தேகம் போகும். பின்னால் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றின் வயரைச் சாவியை அணைத்தால் அடங்கும் இணைப்பில் கொடுக்காமல், எப்போதும் உயிரோடிருக்கும் இணைப்பில் முறுக்கிவிட்டுப் போவது நம் ஊரில் சாதாரணம். உறுதி செய்ய, எலக்ட்ரீஷியனிடம் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து அளக்கச் சொல்லுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரமாவது காத்திருந்தால்தான் காரின் கம்ப்யூட்டர்கள் உறங்கப் போகும். அதற்குமுன் வரும் அளவு எதையும் நம்பக் கூடாது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. அடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அதன்பின் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவினால், எதை உருவும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. எல்லா ஃப்யூஸையும் உருவியும் குறையவில்லை என்றால் டைனமோவின் டயோடு வழியாகவே பின்னோக்கிக் கசியலாம். டைனமோ நன்றாகச் சார்ஜ் செய்வதுபோல் தோன்றும் நிலையிலும் இது நடக்கும் என்பதால், பலருக்கு இந்த எண்ணமே வருவதில்லை.

கேள்வி: பேட்டரியில் மாதம்தோறும் தண்ணீர் குறைகிறது, அழுகிய முட்டைபோல் நாற்றமும் அடிக்கிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரிலும் உப்புகள் மீதியிருக்கும். தண்ணீரைவிட அந்த நாற்றமே அவசரமான செய்தி. இன்ஜின் ஓடும்போது 15 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். காட்டினால் ரெகுலேட்டர் பழுதாகிப் பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. பேட்டரியோடு காரின் கம்ப்யூட்டரும் போகும்முன் மாற்றிவிடுங்கள். வோல்ட் சரியாக இருந்தால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட்டாகியிருக்கலாம். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும்போது செல்களுக்கிடையே 0.050 அளவுக்கு வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. நாற்றம் அடிக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் வெளியேறும். அருகில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் ஆகாது. முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். அந்தக் கரைசல் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் பிஎஸ்6 கார் ஓடும்போது சில நேரம் 12.8 வோல்ட்தான் காட்டுகிறது. டைனமோ பழுது என்கிறார் மெக்கானிக். வண்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தொந்தரவு இல்லாதபோது மாற்ற வேண்டியதில்லை. மேலே நான் கொடுத்த எண்கள் பழைய முறை வண்டிகளுக்கே முழுதாகப் பொருந்தும். 2015-இல் வந்த மாருதி சியாஸ் ஹைப்ரிட் போன்ற வண்டிகளிலும், அண்மைக்காலக் கார்கள் பலவற்றிலும் டைனமோவைக் காரின் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பேட்டரி நிறைந்திருக்கும்போது சார்ஜைத் தளர்த்தி, பிரேக் பிடிக்கும்போதோ ஆக்ஸிலரேட்டரை விடும்போதோ கூட்டிவிடும். பேட்டரியின் மைனஸ் முனையில் சிறிய பெட்டி ஒன்று வயரோடு மாட்டியிருந்தால் அது மின்னோட்டத்தை அளக்கும் சென்சார். உங்கள் வண்டி அந்த வகை. ஹெட்லைட்டைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டும்போது வோல்ட் ஏறி இறங்கினால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. சிக்னலில் தானாக அணைந்து தானாக எழும் வண்டியாக இருந்தால், பேட்டரி மாற்றும் நாளில் விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள். அதற்குரிய இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் தாங்கும்.

கேள்வி: வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, இன்ஜின் அணையாவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று சொல்வது சரியா? ஜம்பர் வயர் இணைக்கும் வரிசையையும் சொல்லுங்கள். ரீகண்டிஷன் பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: அம்பாசிடர் காலத்துச் சோதனை அது. இன்றைய காரில் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் டைனமோவின் வோல்ட் ஒரு நொடியில் எகிறிக் கம்ப்யூட்டரைப் பொசுக்கிவிடக்கூடும். யார் கேட்டாலும் அனுமதிக்காதீர்கள்.

ஜம்பர் வயரில், சிவப்பை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையைப் படுத்த காரின் பேட்டரியில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் கடிக்கவிடுங்கள்; கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது பேட்டரி வாயுவுக்கு அருகில் பறக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ரீகண்டிஷன் பேட்டரியை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்குக் கொடுக்கும் பாதி விலை, ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாலே அதிசயம். பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் புதுப் பேட்டரியில் தள்ளுபடியை நன்றாகப் பேரம் பேசுங்கள். உள்ளிருக்கும் ஈயத்துக்காகவே பழைய பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படியும் அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும்; காயலான் கடையில் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவதற்குக் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கும்போது மேலே குத்தியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும், பிளஸ் முனை உங்கள் வயர் எட்டும் பக்கத்தில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் கடையிலேயே விழ வேண்டும். 'அப்புறம் போட்டுத் தருகிறேன்' என்றால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள்.