வாரம் 40 மணி நேரமானால் கப்பலில் ஆள் கூடுமா?

கேள்வி: சிறிய சரக்குக் கப்பலில் மேட்டாக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக) இருக்கிறேன். கேப்டனும் நானும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வாட்ச் (கப்பலை ஓட்டிக் கண்காணிக்கும் பணி) பார்க்கிறோம். கப்பலின் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாடு, வார வேலை நேரத்தை 48-லிருந்து 40 ஆகக் குறைக்கிறது. இன்னொரு அதிகாரியை எடுப்பார்களா? சம்பளம் குறையும் என்கிறது கம்பெனி.

பதில்: அந்தச் சட்டம் கடலோடிகளுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பல நாடுகள் விலக்கு வைத்திருக்கின்றன. வழக்கம் பழையது: 1919-ன் எட்டு மணி நேர வேலைக்கான சர்வதேச உடன்படிக்கையே கப்பலைத் தனியே ஒதுக்கியது, அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த மாநாட்டில் கப்பலுக்கென வந்த வரைவும் தோற்றது.

பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வாரம் 84 மணி வாட்ச். இதுவரை 36 மணி ஓவர்டைம், இனி 44. வேலை ஒரு நிமிடமும் குறையாது, கம்பெனிக்குச் செலவுதான் ஏறும். இதற்காக மட்டும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

ஆளைக் கூட்டுவது வேறு விதி. 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கொடி நாட்டுக்கு இரண்டு வழி தருகிறது: வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி வேலை, அல்லது குறைந்தபட்சம் 77 மணி ஓய்வு. ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் 168-ல் 77 போனால் 91 மணி வேலை வாங்கலாம். உங்கள் 84 அதற்குள் அடங்கிவிடும். 72 என்றால் அடங்காது, மூன்றாவது ஆள் இல்லாமல் இப்படி ஓட்ட முடியாது. உங்கள் கொடி நாடு எதை எடுத்திருக்கிறது? 77 என்றாலும், சரக்கு வேலை, ஆபத்துக்கால ஒத்திகை, காகித வேலை எல்லாம் மீதி 7 மணிக்குள் முடிகிறதா? முடியாவிட்டால் ஓய்வுப் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எதிரான முதல் சாட்சி அவர்கள் கையெழுத்தே.

துறைமுகத்தில் கதை வேறு. இரவு பகலாக ஓடும் கிரேனில் ஓர் இருக்கைக்கு 48 மணி வாரத்தில் மூன்றரை ஆள் போதும், 40 ஆனால் 4.2 வேண்டும். அங்கே வேலைவாய்ப்பு கூடலாம், இயந்திரமும் வரலாம்.

சம்பளம்: கையெழுத்தான ஒப்பந்தத்தை நடுவில் கம்பெனி தன்னிச்சையாகக் குறைக்க முடியாது. ஆபத்து அடுத்த ஒப்பந்தத்தில். அடிப்படைச் சம்பளத்தை இறக்கி, ஓவர்டைமையும் சேர்த்து மொத்தத் தொகையாகக் காட்டுவார்கள். அத்தொகை எத்தனை மணி நேரத்துக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். கொடியையே மாற்றினால் புதிய கொடி நாட்டின் விதியை இதேபோல் பார்க்க வேண்டும். ஓய்வு மீறலைக் கப்பலிலும், அடுத்த துறைமுகத்தின் ஆய்வாளரிடமும் புகார் செய்யலாம். அதற்காகப் பழிவாங்க உடன்படிக்கை அனுமதிக்காது.