பைபோலார் இருந்தா அடுத்தவங்களுக்கு தெரியுமா? அக்காகிட்ட கேளுங்க

கடலூர், பாண்டி பக்கம் மனநல வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான். பைபோலார்னா மனசு கொஞ்ச நாள் அளவுக்கு மீறி ஏறும், கொஞ்ச நாள் சோர்ந்து இறங்கிடும், அந்த மனநோய். டோஸ் கூட்டறது குறைக்கறது டாக்டர் வேலை, அத எங்கிட்ட கேக்காதீங்க. பைபோலாருக்கு குடுக்கற லித்தியம் மாத்திரை சாப்பிடறவங்க மெடிக்கல்ல வலி மாத்திரை கேட்டு வாங்காதீங்க, இத முதல்லயே சொல்லிடறேன்.

வில்லியனூர்: அக்கா, போன வருஷம் எனக்கு பைபோலார்னு சொன்னாங்க. ஆபீஸ்ல கண்டுபிடிச்சிடுவாங்களா?

தம்பி, நல்லா இருக்கற நாள்ல கண்டுபிடிக்க ஒண்ணுமே கிடையாது. லேசா ஏறும்போது, அதான் ஹைப்போமேனியா, நாலு நாளாவது நீடிக்கும், அப்பவும் வெளியாளுக்கு தெரியாது, "செம ஃபார்ம்ல இருக்கப்பா"ன்னு இன்னும் ரெண்டு வேலைய தலையில கட்டுவாங்க. உறுத்தறது வீட்ல இருக்கறவங்களுக்குத்தான். ராத்திரி மூணு மணிக்கு பீரோவ ஒழிச்சிட்டு இருப்பான், ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்து களைப்பே இல்லாம நிப்பான். தூக்கம் வராம தவிக்கறது வேற, தூக்கமே தேவைப்படாம போறது வேற. முழு மேனியா வந்து ஒரு வாரம் ஓடிச்சுன்னா தெருவுக்கே தெரியும், கடன், சண்டை, நிக்காத பேச்சு. இறங்கும்போது திரும்ப யாருக்கும் தெரியாது, போன் எடுக்காத சோம்பேறின்னு பேரு மட்டும் வரும். ஏத்தத்துல கடைசியா தெரியறது அவங்கவங்களுக்குத்தான், அதனால நல்லா இருக்கும்போதே வீட்ல ஒருத்தர்கிட்ட "நான் தூங்கலன்னா சொல்லு, அப்ப கோவப்பட்டாலும் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ"ன்னு பேசி வைங்க.

நெல்லிக்குப்பம்: முகத்த பாத்தே சொல்லிடலாமா?

முடியாது.

முதலியார்பேட்டை: வீட்டுக்காரர் கொஞ்ச நாள் ஒரே செலவும் கலாட்டாவும், அப்புறம் படுத்த படுக்கை. எல்லாம் குடிதான்னு மாமியார் சொல்றாங்க.

பாண்டில நிறைய கேஸ் இதுலதான்மா ஒளிஞ்சிருக்கு. ஏறினாலும் குடிப்பாங்க இறங்கினாலும் குடிப்பாங்க, பாக்கறவங்க கண்ணுக்கு பாட்டில் மட்டும்தான் படும். ரெண்டும் சேந்தே கூட இருக்கலாம். குடிக்காத நாள்லயும் அந்த ஏத்தம் இருந்துச்சா, எத்தன மணிக்கு தூங்கினார்னு காலண்டர்ல குறிச்சு ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க. படுத்துக் கிடக்கற நேரத்துல போயி மனச்சோர்வுன்னு மட்டும் சொன்னா அதுக்குத்தான் மாத்திரை எழுதுவாங்க, பைபோலார்ல அத தனியா குடுத்தா சில பேர மேல தூக்கி விட்டுடும். அந்த செலவு, கலாட்டாவ மறைக்காம சொல்லுங்க.

பண்ருட்டி: தங்கச்சி மாத்திரைல நல்லா இருக்கா, வரன் பாக்கறோம். சொல்லித்தான் ஆகணுமா?

சொல்லணும். மறைச்சு கட்டிக் குடுத்தா மாமியார் வீட்ல மாத்திரை டப்பாவ எங்க வைப்பா? நிறுத்திடுவா. கல்யாண அலைச்சல்ல தூக்கம் வேற போயிருக்கும், அப்புறம் கேக்கவே வேணாம். வேல்ப்ரோயேட்ங்கற பைபோலார் மாத்திரை சாப்பிடறான்னா அது கருவுல இருக்கற குழந்தைய பாதிக்கும், டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசணும்.

மஞ்சக்குப்பம்: சொன்னா எவன் கட்டுவான்? சுகர் இருக்கறத எவன் சொல்றான்?

அண்ணே, சுகரையும் சொல்லத்தான் வேணும். 1955 இந்து திருமணச் சட்டத்துல, முக்கியமான விஷயத்த மறைச்சு ஏமாத்தி சம்மதம் வாங்கினா கல்யாணத்த ரத்து பண்ணச் சொல்லி கேஸ் போட வழி இருக்கு. தெரியுமா?

மஞ்சக்குப்பம்: கோர்ட்டுக்கு அப்புறம் போலாம், தரகர் காதுல விழுந்தா ஊரே சிரிக்கும். பொண்ண பெத்தவன் கஷ்டம் உங்களுக்கு புரியாது.

தரகர்கிட்ட யாரு சொல்லச் சொன்னா? நிச்சயத்துக்கு முன்னாடி பையன்கிட்ட அவளே நேரா பேசட்டும். பரவுமான்னா, பரவும்தான், இல்லங்கல. ஆனா தெரிஞ்சு வர்றவன்தான் ராத்திரி அவ தூங்கலன்னா கவனிப்பான்.

மஞ்சக்குப்பம்: பேசறது சுலபம்.

சரிண்ணே, இத விடுங்க. மத்தவங்க காத்திட்டிருக்காங்க.

குறிஞ்சிப்பாடி: பாத்தா தெரியுமா அக்கா?

மேல நெல்லிக்குப்பத்துக்கு சொன்னத படிங்க.

திருப்பாதிரிப்புலியூர்: மந்திரிச்சா சரியாகுமா?

மந்திரிச்சுக்கங்க, மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க.

லாஸ்பேட்டை: லித்தியம் சாப்பிடறேன், டீ கிளாஸ் பிடிச்சா கை நடுங்குது, எல்லாரும் பாக்கறாங்க. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போடறேன், அதனாலயா?

ஆரம்பத்துலயே தொண்டை கிழிய கத்தினேனே! டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ரெண்டுமே ரத்தத்துல லித்தியத்த ஏத்தி விடும். லேசான நடுக்கம் சகஜம்தான், ஆனா நடுக்கம் அதிகமாகி வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்கு குழறல்னு வந்தா அது விஷமாகுது, நேரா ஆஸ்பத்திரி. கடலூர் வெயில்ல தண்ணி குடிக்காம இருக்காதீங்க, பிரஷருக்குன்னு உப்ப திடீர்னு நிறுத்தாதீங்க. நாளைக்கே டாக்டர பாத்து வலி மாத்திரை விஷயத்த சொல்லி ரத்தத்துல லித்தியம் எவ்வளவு இருக்குன்னு பாக்கற லெவல் டெஸ்ட் எழுதச் சொல்லுங்க. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தம் குடுக்கணும், காலை மாத்திரை இருந்தா அத ரத்தம் குடுத்த பிறகு போடுங்க.